நட்சத்திரம் குத்திய துப்பாக்கி

12 செப்டம்பர் 2011, திங்கள்

ஓய்வு பெற்றுப் பதினோரு மாதம் ஆகிறது. இனி இரும்பும் வேண்டாம், எண்ணெய் நாற்றமும் வேண்டாம் என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். போன வாரம் எஸ்.பி. ஆபீசிலிருந்து ஆள் வந்தது. வல்லக்குளம் ஜமீன் அரண்மனையை அருங்காட்சியகம் ஆக்குகிறார்களாம். ஜமீனுடைய ஜெர்மன் ரைபிள்கள் பன்னிரண்டும் அறுபது வருஷமாக எங்கள் ஆயுதப்படைக் கிடங்கில் இருந்தவை; அவற்றை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். ஒவ்வொன்றும் எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று பார்த்துப் பட்டியல் எழுத ஆள் வேண்டும். முப்பது வருஷம் ஆர்மரராக இருந்து அவற்றைக் கழற்றித் துடைத்து மாட்டியவன் நான். கோமதிநாயகம் ஏட்டையாவை விட்டால் வேறு ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையில் மயங்கிப் போய்விட்டேன்.

போய்ப் பார்த்தேன், அட்டூழியம். கட்டையில் எல்லாம் வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறார்கள், கல்யாண மண்டபத்து நாற்காலி போல மினுங்குகிறது. இரும்பில் சில்வர் பெயிண்ட். கேட்டுக்கும் கிராதிக்கும் அடிக்கிற அதே பெயிண்ட்! எழுத்தும் எண்ணும் பெயிண்டுக்குள் புதைந்துவிட்டன. கேட்டால் காண்டிராக்டர் "துருவா இருந்துச்சு, கண்ணுக்குப் பாக்க நல்லா இல்ல" என்கிறான். அது துரு இல்லையடா, நூறு வருஷத்து நிறம்.

பொறுப்பில் இருப்பது தமயந்தி மேடம். சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வாசலில் மாட்டப் போகும் போர்டைக் காட்டினார்: ‘ஹிட்லரின் துப்பாக்கிகள்'.

"மேடம், இது மொத உலகப்போர்ல புடிச்சது. வெள்ளைக்காரன் ஜெயிச்ச பெறவு ஜமீன்தாருக்குப் பரிசா அனுப்பினது. ஹிட்லர் அப்ப யாருக்கும் தெரியாத ஒரு சிப்பாய்."

"தெரியும் சார். ஆனா அந்தப் பேரைப் போட்டாதான் ஸ்கூல் பசங்க உள்ள வருவாங்க."

திறப்பு விழா அக்டோபர் இரண்டாம் தேதி, மந்திரி வருகிறார். துப்பாக்கி அறையைக் காந்தி ஜெயந்தி அன்று திறக்கிறோமே என்று ஒருவருக்கும் கூச்சம் இல்லை.

13 செப்டம்பர், செவ்வாய்

காலை முழுக்கத் தின்னரும் பழைய பனியனும் வைத்துப் பெயிண்டைத் துடைத்தேன். விரல் நுனி எரிகிறது. மத்தியானத்துக்குள் மூன்று துப்பாக்கி வெளியே வந்தது.

பன்னிரண்டும் ஒரே மாடல்தான். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. முதலாவது, ஆம்பெர்க் 1915. வால்நட் மரம், பிசிறே இல்லாத வேலை. இரண்டாவது, எர்ஃபுர்ட் 1916. கட்டையில் ஓட்டையுள்ள இரும்பு வில்லை வைத்திருக்கிறான், அதில் ஊசியை ஊன்றி ஸ்பிரிங்கைக் கழற்றலாம். முந்தின வருஷத்தில் அது இல்லை. மூன்றாவது, ஷ்பாண்டாவ் 1917. வால்நட் தீர்ந்துபோய் பீச் மரத்துக்கு வந்துவிட்டான். கை நழுவாமல் இருக்கப் பக்கவாட்டில் பள்ளம் வெட்டியிருக்கிறான். அரம் தேய்த்த கோடு அப்படியே நிற்கிறது, மெருகு போட நேரம் இல்லை. சண்டை முற்ற முற்ற அவசரம் கூடியது கைக்குத் தெரிகிறது.

எவ்வளவு அவசரத்திலும் ஒன்றை மட்டும் அவன் விடவில்லை. எண். துப்பாக்கி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் ஒவ்வொரு பாகத்திலும் உண்டு, திருகாணியில்கூட உண்டு. போல்ட்டில் முழு எண்ணும் இருக்கும். (போல்ட் என்றால் பின்னால் இழுத்து முன்னால் தள்ளித் தோட்டாவை அடைத்து மூடுகிற இரும்புத் தண்டு. மேடத்துக்கு இதைச் சொல்லவே பத்து நிமிஷம் ஆனது.) ஒரு துப்பாக்கியின் போல்ட் இன்னொன்றில் நுழையும், மூடும். ஆனால் அதற்கென்று அளந்து செய்தது அது இல்லை. தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். கூடினால் பித்தளை கிழியும், நெருப்பு சுடுகிறவன் முகத்துக்கு வரும்.

மூன்றிலும் எல்லா எண்ணும் சரி. முப்பது வருஷம் பத்துப் பேர் புழங்கின கிடங்கில் ஒரு திருகாணி மாறவில்லை என்றால் அதற்கு யார் காரணம் என்று நானே எழுதிக்கொள்ளக் கூடாது.

14 செப்டம்பர், புதன்

நான்காவது, டான்சிக் 1916, எண் 4417. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் போல்ட்டில் 2863 என்று இருக்கிறது.

எந்த மடையனோ மாற்றிப் போட்டிருக்கிறான். கிடங்கிலிருந்து வண்டியில் ஏற்றும்போதே கோளாறு நடந்திருக்கும், இப்போதுள்ள பையன்களுக்கு எண்ணைப் பார்க்கிற பழக்கமே கிடையாது.

கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

15 செப்டம்பர், வியாழன்

போகவில்லை. வயிறு சரியில்லை. வீட்டுக்காரி பகவதி மிளகு ரசம் வைத்தாள்.

16 செப்டம்பர், வெள்ளி

ஐந்தும் ஆறும் எட்டும் முடிந்தன. எல்லாம் சரியாக இருக்கின்றன. தமயந்தி மேடம் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏழாவது எங்க சார்?" என்றார்.

"அது வெடிச்சுப் போனது மேடம். சாக்குல கட்டிச் சீல் வச்சிருக்கும். காட்சிக்கு லாயக்கில்ல, பழைய இரும்பு."

"அதுதான் சார் நமக்கு வேணும்! நல்லா இருக்கிற பதினொண்ணை யாரு பார்ப்பா?"

இந்தக் காலத்தில் படித்தவர்கள் பேசுகிற பேச்சு. டீக்கு ஏலக்காய் போட்டுக் கொடுத்தார்கள். குடிக்க முடியவில்லை, பாதியை ஜன்னல் வழியே ஊற்றினேன்.

19 செப்டம்பர், திங்கள்

சாக்கைப் பிரித்தார்கள். நான் தள்ளித்தான் நின்றேன். கட்டை உடைந்து மூன்று துண்டு, தோட்டா அடைக்கிற அறைப் பக்கம் கிழிந்து வாய் பிளந்திருக்கிறது. போல்ட் தனியாக. அடையாளச் சீட்டுக் கட்டின ஒரு கருகிய துணித் துண்டும் உள்ளே இருந்தது. நாற்றமடிக்கிறது, தூர எறியுங்கள் என்றேன். "இருபத்தாறு வருஷத்துத் துணி என்ன சார் நாறப் போகுது" என்று மேடம் அதை எடுத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துவிட்டார்.

துப்பாக்கி 1917-இல் செய்தது. தோட்டா அறையைச் சுற்றின இரும்பு வளையத்தின்மேல் நட்சத்திரம் குத்தியிருக்கிறது. இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் பன்னிரண்டில் இது ஒன்றுதான் இப்படி. சண்டையின் கடைசிக் காலத்தில் சின்னச் சின்னப் பட்டறைகளில் ஆளுக்கொரு பாகம் செய்ய வைத்து, எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொண்டுவந்து இணைத்தார்கள். இந்தப் பாகங்கள் மற்றத் துப்பாக்கிகளோடு ஒத்துவரும் என்று நம்பாதே என்று எச்சரிக்கத்தான் அந்த நட்சத்திரம். அதற்குள்ளேயே ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தியிருப்பான். அதனால் இதன் போல்ட்டை மட்டும் ஒருநாளும் மாற்றக் கூடாது.

எண் 2863.

மேடம் புதுப் பலகைக்கு எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். "1985 விஜயதசமி அன்று, குழலைத் துடைத்த துணியை எடுக்க மறந்து சுட்ட காவலர் இன்னாசிமுத்துவின் கவனக்குறைவால் வெடித்த துப்பாக்கி. அவர் ஒரு கண்ணையும் வேலையையும் இழந்தார்." கீழே ஆங்கிலத்திலும் அதுவே. "விசாரணை ரிப்போர்ட்லருந்து அப்படியே எடுத்தது சார், உங்க சாட்சியும் இருக்கே" என்று சிரித்தார்.

பேர் வேண்டாம் மேடம் என்றேன். பேர் இருந்தால்தான் கதை நம்பும்படி இருக்குமாம்.

20 செப்டம்பர், செவ்வாய்

ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை. சரி. 

21 செப்டம்பர், புதன்

சாயங்காலம் வீட்டு வாசலில் சைக்கிள் நின்றது. இன்னாசி. எட்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். இடது கண்ணில் கைக்குட்டையை மடித்துக் கட்டியிருந்த ஆள், இப்போது கறுப்புக் கண்ணாடி. வேலை போன பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடுகிறார். ஒரு நாளைக்கு முந்நூறு வண்டி. இருபது வருஷத்தில் ஒரு வண்டி ஆள் மாறிப் போனதில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஒவ்வொரு டோக்கனையும் இரண்டு தடவை படித்துப் பார்ப்பாராம்.

"சொகமா இருக்கீயளா ஏட்டையா?"

"வாரும் இன்னாசி, உக்காரும்."

உட்காரவில்லை. "மியூசியத்துலருந்து ஒரு அம்மா போன் பண்ணாவ. எம் போட்டோ வேணுமாம். கண்ணுல கட்டுப் போட்ட போட்டோ இருந்தா ரொம்ப நல்லதாம்."

 போட்டோ! கட்டோடு!

"பேத்தி எட்டாப்பு படிக்கா. அவ ஸ்கூலையும் தொறப்பு விழாவுக்குக் கூட்டிட்டுப் போறாவளாம். நான் தப்பு பண்ணுனவன்தான், இல்லேங்கல. துணிய எடுக்காமச் சுட்டது நான்தான். ஆனா பிள்ளைய முன்னால கண்ணாடிக்குள்ள எம் பேரு வேண்டாம், ஏட்டையா. நீங்க ஒரு வார்த்த சொன்னா அந்தம்மா கேப்பாவ."

சொல்லுகிறேன் என்றேன். பகவதி காபி கொண்டு வந்தாள். குடித்துவிட்டு டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

"பாவம், பொஞ்சாதியும் போயிட்டா. எவ்வளவு மரியாதையான மனுஷன்" என்றாள் பகவதி. எரிந்து விழுந்தேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

22 செப்டம்பர், வியாழன்

அந்தத் துணி கிடக்கிற அறைக்குள் போகவே பிடிக்கவில்லை.

23 செப்டம்பர், வெள்ளி

மேடத்திடம் சொன்னேன். பிள்ளைகள், பேத்தி, எல்லாம் சொன்னேன். கல்நெஞ்சக்காரி இல்லை, யோசித்தார். பிறகு ஒரு வழி சொன்னார்.

"அப்ப காரணத்தை மாத்திரலாம் சார். நீங்கதானே சொன்னீங்க, சண்டைக் கடைசியில அவசர அவசரமா செஞ்சது, நட்சத்திரம் போட்டதுன்னு. ‘போர்க்காலத் தரக்குறைவால் வெடித்தது'ன்னு போட்டுட்டா யாருக்கும் கெட்ட பேர் இல்ல. செஞ்சவன் ஜெர்மனியில செத்து எத்தனை காலமோ. நீங்க நிபுணரா ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும்."

எவ்வளவு சுத்தமான வழி! இருபத்தாறு வருஷமாக எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாகக்கூட இருந்தது. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். எஃகின் தரம், அவசரத் தயாரிப்பு, பல பட்டறைப் பாகங்கள். படித்தால் எனக்கே நம்பிக்கை வந்துவிடும்போல இருந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பழக்கத்தில் துப்பாக்கியை ஒரு தரம் திருப்பிப் பார்த்தேன். வளையத்தின் பக்கத்தில் மூன்று சின்னக் கிரீட முத்திரை. ஒருவன் செய்து, ஒருவன் அளந்து, ஒருவன் சுட்டுப் பார்த்துக் குத்தியிருக்கிறான். அரம் தேய்த்த கோடு கண்ணை உறுத்துகிறதே ஒழிய அளவில் தப்பு இல்லை. அதன் போல்ட்டை நான்காம் துப்பாக்கியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். முகம் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் நல்ல வேலை செய்தவன்மேல் பழியைப் போடுகிறேன்.

ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சீ.

24 செப்டம்பர், சனி

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் இன்னாசியிடம் நானே சொன்னேன். பேர் வராது, துப்பாக்கி செய்த இடத்திலேயே கோளாறு என்று போடப் போகிறோம், நீர் நிம்மதியாக இரும் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

டோக்கன் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "அது பொய்யில்லா?" என்றார்.

"பொய் என்னவே, நிபுணர் கருத்து."

"துணி இருந்துச்சே ஏட்டையா. நீங்கதான் வெளிய எடுத்துக் காட்டினீய. எம் பேரு வேண்டாம்னுதான் கேட்டேன், பொய் எழுதச் சொல்லலியே. எனக்காவ நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். ஒங்க வாயில பொய் வராதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

ஒரு பெண் ஸ்கூட்டியோடு வந்தாள். டோக்கனை இரண்டு தடவை படித்துக் கொடுத்தார். நான் கிளம்பி வந்துவிட்டேன்.  

26 செப்டம்பர், திங்கள்

எழுதிவிடுகிறேன். வேறு யாரும் படிக்கப் போவதில்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன், அதுவும் கேவலம்தான்.

கிடங்கில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. சாமி முன்னால் ஆயுதம் சுடுகிற நிலையில் இருக்கக் கூடாது என்று எல்லாவற்றிலும் போல்ட்டைக் கழற்றிவிடுவோம். துப்பாக்கிகளைச் சுவரில் சாத்திவிட்டு, போல்ட்டுகளைத் தாம்பாளத்தில் வாழையிலை விரித்து வரிசையாக வைப்போம். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். கைப்பிடிக்குக் கீழே தட்டையான இடம் அது ஒன்றுதான் என்பதால் பொட்டு அங்கேதான் விழும். எண் இருக்கிற இடமும் அதுதான்.

மறுநாள் விஜயதசமி. போல்ட்டை மாட்டி, ஜமீன் துப்பாக்கி ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டா சுடுவோம். நல்ல ஆரம்பத்துக்காக என்று எஸ்.பி.யும் குடும்பத்தோடு வருவார். ஜமீனோடு வந்த பழைய தோட்டா ஒரு பெட்டி இருந்தது. சட்டப்படி இதெல்லாம் கூடாது, வருஷாவருஷம் நடந்துகொண்டிருந்தது.

85-இல் சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொண்டது. சுரண்டி எண்ணைப் பார்க்க வேண்டும் என்றால் ஒன்றுக்கு ஒரு நிமிஷம் ஆகும். எஸ்.பி. சீக்கிரம் வந்துவிட்டார். வரிசையில்தானே வைத்தோம், வரிசையிலேயே எடுத்து மாட்டுவோம் என்று மாட்டினேன். முந்தின நாள் சுண்டல் அண்டாவை வைக்க யாரோ தாம்பாளத்தை நகர்த்தியிருக்கிறார்கள். இரண்டு உருண்டு இடம் மாறியிருக்கின்றன. அது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாராக இருந்தால் என்ன, மாட்டினது என் கை.

நான்காவது துப்பாக்கியைச் சுட்டது நான். போல்ட் மூடும்போது முரண்டு பிடித்தது. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி மூடினேன். அந்தத் துப்பாக்கி ஒருநாளும் அப்படி முரண்டு பிடித்ததில்லை. எனக்கு அந்தக் கணமே சுருக்கென்றது: போல்ட் மாறியிருந்தால் இதனுடையது வேறொன்றில் இருக்கும். நிறுத்துங்கள், எண்ணைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். எஸ்.பி.யின் மனைவி காதைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். தட்டில் லட்டு இருந்தது. எல்லார் முன்னாலும் ஒவ்வொரு போல்ட்டாகச் சந்தனம் சுரண்டிக்கொண்டு நிற்க எனக்கு மானம் போகிறதாகப் பட்டது. ஐந்தைச் சுட்டார்கள், ஆறைச் சுட்டார்கள். ஏழாவதை எடுத்தது இன்னாசி. முப்பது வயது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். எனக்குத் தெரியும். முழுசாக இல்லை, பாதி தெரியும். பாதி தெரிந்தே அவர் விசையை அழுத்தும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பாதியைத்தான் இதுவரை எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை.

27 செப்டம்பர், செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தேன். இன்னும் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

துணி இல்லவே இல்லை. சாயங்காலம் டி.எஸ்.பி. காரணம் கேட்டு வருவதற்குள், என் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தீக்குச்சி கிழித்து நானே கருக்கினேன். ஊதி அணைத்து, எண்ணெயில் புரட்டி, குழலுக்குள்ளிருந்து எடுத்ததாகக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் இன்னாசியிடமும் அதையே சொன்னேன். கட்டுக்குள்ளிருந்து தண்ணீர் வழிய, "நான் எடுத்தேன்னு நெனச்சனே ஏட்டையா" என்றார். இல்லவே, நீர் மறந்துட்டீர் என்றேன். அன்றைக்கு அப்படிப் பதமாகச் சொன்னேன். ஆறுதல் சொல்கிற குரலில்!

என்னை நினைத்தால் எனக்கே தொட அருவருப்பாக இருக்கிறது.

28 செப்டம்பர், புதன்

பகவதியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கடைசிவரை ஆய்ந்து முடித்தாள். பிறகு, "அந்த மனுஷன் போன வாரம் நம்ம வீட்டு டம்ளர கழுவி வச்சிட்டுப் போனாரு. நீங்க பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீயளே" என்றாள்.  வாக்குமூலம் கொடுத்தால் என்ன ஆகும், பென்ஷன் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

29 செப்டம்பர், வியாழன்

நான்கு பக்கம் எழுதி எஸ்.பி. ஆபீசில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். வாங்கின கிளார்க் இரண்டு வரி படித்துவிட்டு, "எதுக்கு சார் இதெல்லாம் இப்ப? நல்லாத்தானே ரிட்டயர்டு ஆனீங்க" என்றான். நல்லாத்தானே!

தரக்குறைவு என்று கையெழுத்துப் போட்ட தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். தமயந்தி மேடம், பலகையை எடுத்துவிடுகிறேன், ஆனால் உங்கள் பேரைப் போட மேலிடத்து அனுமதி வேண்டும், ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குள் வராது, வெறுமனே ‘பழுதடைந்த துப்பாக்கி' என்று வைக்கிறேன் என்றார். பட்டியல் என்னுடையது, அதில் நான் எழுதுவேன் என்றேன். ஏழாம் பக்கத்தில் எழுதினேன்: ‘போல்ட் எண் 4417. இது நான்காம் துப்பாக்கியுடையது. 1985-இல் ஆர்மரர் கோமதிநாயகம் எண்ணைப் பார்க்காமல் மாட்டியது. வெடித்ததற்கு இதுவே காரணம். துணி என்று சொல்லப்பட்டது பொய்.'

பன்னிரண்டு பக்கத்தில் அது ஒன்றைத்தான் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

30 செப்டம்பர், வெள்ளி

இன்னாசியை அழைத்துக்கொண்டு போனேன். ஏதோ போட்டோ விஷயம் என்று நினைத்து வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

ஏழாவதின் போல்ட்டை அவர் கையில் கொடுத்து எண்ணைப் படிக்கச் சொன்னேன். நல்ல கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், "நாப்பத்துநாலு பதினேழு" என்றார். பிளந்து கிடந்த வளையத்தைக் காட்டினேன். "இருபத்தெட்டு அறுபத்துமூணு." பழக்கதோஷம், இரண்டையும் இரண்டாம் முறையும் படித்தார். பிறகு நான் சொல்லாமலே எழுந்து நான்காம் துப்பாக்கிக்குப் போய் அதன் போல்ட்டையும் வளையத்தையும் படித்தார். போலீஸ்காரர் அல்லவா, அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்க சுட்டது நாலாவது" என்றார்.

"ஆமா. மூடையிலேயே முரண்டு புடிச்சுது. எனக்குப் பட்டுது. சொல்லாம நின்னேன்."

"அப்ப துணி?"

"துணி இல்ல இன்னாசி."

"நான் பாத்தேனே."

"நீரு பாக்கல. கட்டுப் போட்டுப் படுத்திருந்தீரு. நான்தான் சொன்னேன். அந்தத் துணிய நானே கருக்குனேன்."

போல்ட்டைப் பூவைப்போல மெத்தென்று மேஜையில் வைத்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன், அடிக்க வேண்டும் என்று விரும்பினேன். காறித் துப்பியிருந்தால்கூடப் போதும். தமயந்தி மேடம் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். வெளியே விழாவுக்குப் பந்தல்கால் நடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்னாசி என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எம் பொஞ்சாதி பாக்கியம் இருவது வருசம் சொல்லிக் காட்டுனா, ஏட்டையா. ஒரு துணிய எடுக்க ஒமக்கு முடியலியா, எம் பிள்ளையல நடுத்தெருவுல விட்டுட்டீரேன்னு. சோறு போடையில சொல்லுவா, படுக்கையில சொல்லுவா. கடசில அவளுக்கு முடியாமப் போச்சுல்லா, அன்னைக்குக் கையப் புடிச்சிக்கிட்டு அழுதேன். நான்தான் தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிரு தாயின்னேன். சரி, மன்னிச்சிட்டேன்னு சொன்னா. சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பள்ளத்தை நான் இதுவரை நேராகப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

"நான் ஒண்ணுமே செய்யலியே, ஏட்டையா. அவ மன்னிச்சிட்டுப் போயிட்டாளே. அத இப்ப நான் என்ன செய்ய?"